சூடாறும் உலகங்கள்: கோள்கள், நிலவுகள் ஆகியவற்றின் நிலவியல்

நிலவியல் என்னும் சொல்லை நிலம், இயல் என்று பிரிப்பதே வழக்கம்; நிலவு, இயல் என்று பிரித்தாலும் புணர்ச்சி விதி இடங்கொடுக்கிறது. தற்செயலாக அமைந்த இந்த இருபொருள், 1960களுக்குப் பின் அத்துறைக்கு நேர்ந்த மாற்றத்தைச் சரியாகவே சுட்டுகிறது. சுத்தியலால் பாறையைத் தட்டியும் மலைச்சரிவின் அடுக்குகளை எண்ணியும் வளர்ந்த அறிவு, விண்கலங்கள் புறப்பட்ட பிறகு, கால் பதிக்க முடியாத தரைகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. வியாழன், சனி போன்ற பெருங்கோள்களுக்கு நிற்கத்தக்க தரை கிடையாது. ஆனால் அவற்றைச் சுற்றும் துணைக்கோள்களுக்குத் தரை உண்டு, அத்தரைகளில் மலையும் பிளவும் எரிமலையும் உண்டு. புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய பாறைக் கோள்களையும், நிலவையும், பெரிய துணைக்கோள்களையும், சிறுகோள்களையும், புளூட்டோவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எழும் முதற்கேள்வி எளியது: ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு, தூசித் திரளிலிருந்து பிறந்த இவற்றுள் சில இன்னமும் கொதித்தும் பிளந்தும் புதுத்தரை பெற்றும் வர, சில பல நூறு கோடி ஆண்டுகளாக அசைவற்றுக் கிடப்பது ஏன்?

வெப்பம் என்பதே இதற்கு நிலவியல் தரும் முதல் விடை. சிறு திரள்கள் மோதி ஒன்றுசேர்ந்து கோளாகும்போது மோதலின் ஆற்றல் வெப்பமாக உள்ளே தங்குகிறது. உருகிய இரும்பு எடை மிகுதியால் நடுவே இறங்கி மையக்கரு ஆகும்போது மேலும் வெப்பம் பிறக்கிறது. ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகத் தேயும் அலுமினியம்-26 என்னும் கதிரியக்க வகை, தொடக்க காலத்தில் சிறுகோள்களைக்கூட உருக்கப் போதுமானதாக இருந்து, பின்னர் முற்றிலும் தீர்ந்துபோனது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை மெதுவாகச் சிதைந்து இன்றும் வெப்பம் தருகின்றன. புவியின் உட்பகுதியிலிருந்து தரை வழியாக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 47 டெராவாட், அதாவது 47 லட்சம் கோடி வாட். அதில் பாதியளவு இக்கதிரியக்கத்தின் கொடை என்றும், மீதி பிறப்பின்போது சேர்ந்த பழைய சூடு என்றும் கணிக்கப்படுகிறது.

வரவைப் போலவே செலவுக்கும் கணக்கு உண்டு. வெப்பம் தங்குவது கன அளவில். வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. உருண்டை பெரிதாகப் பெரிதாகக் கன அளவு மேற்பரப்பைவிட விரைவாகக் கூடுவதால், பெரிய கோள் மெல்ல ஆறும், சிறிய கோள் விரைந்து ஆறும். பெரிய அண்டாவில் வடித்த சோறு பந்தி முடியும்வரை சூடாக இருக்க, அதிலிருந்து கிண்ணத்தில் எடுத்துவைத்த சோறு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடுவது இதே கணக்கினால்தான். ஆகவே அளவே விதி என்றும், ஓர் உலகின் விட்டம் தெரிந்தால் அதன் நிலவியல் வாழ்நாளைச் சொல்லிவிடலாம் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. வெப்பக் கணக்கை மட்டும் நம்புவதில் உள்ள இடரைக் காட்டும் முன்னுதாரணமும் வரலாற்றில் உண்டு. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், புவி சூடாறிய வேகத்தைக் கொண்டு அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டது என்று 1862இல் கணித்தார். அவருடைய கணிதத்தில் பிழையில்லை. திடப்பாறை போன்ற உட்பகுதிகூட நீண்ட காலத்தில் மெல்லப் புரண்டு, அடியிலுள்ள சூட்டை மேலே கொண்டுவரும் என்பதை அவர் சேர்க்கவில்லை; கதிரியக்கமோ அப்போது அறியப்படவே இல்லை. பொருள் எப்படி நகர்கிறது என்பதைக் கேளாத வெப்பக் கணக்கு தவறும் என்னும் இக்குறிப்பு, கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

அளவு விதி நன்றாகப் பொருந்தும் இடம் நிலவு. அதன் விட்டம் 3,474 கி.மீ.; புவியின் விட்டத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் வெளிறிய பகுதி மேட்டுநிலம். முற்காலத்தார் கடல் என்று பெயரிட்ட கரும்பகுதி, எரிமலைக் குழம்பு தாழ்ந்த இடங்களில் நிறைந்து இறுகிய பசால்ட் என்னும் கரும்பாறைச் சமவெளி. 1969 ஜூலையில் அப்போலோ 11 கொண்டுவந்த மண் அத்தகைய ஒரு சமவெளியிலிருந்து அள்ளப்பட்டது. எனினும் அதில் வெண்ணிறச் சிறு துணுக்குகள் கலந்திருந்தன. அவை அனார்த்தோசைட், அதாவது கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார் என்னும் கனிமமே பெரும்பகுதியாக அமைந்த பாறை. தொலைவிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து மோதல்களால் வாரியிறைக்கப்பட்டவை அவை என்று கொண்ட ஜான் உட் குழுவினர், அதிலிருந்து 1970இல் ஒரு பெரிய முடிவுக்கு வந்தனர்: இளம் நிலவின் வெளிப்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய பாறைக்குழம்புக் கடலாக இருந்தது, அது ஆறும்போது எடைமிகுந்த ஒலிவின், பைராக்சீன் கனிமங்கள் மூழ்கிக் கவசம் என்னும் நடு அடுக்காயின, எடை குறைந்த பெல்ஸ்பார், பால் காய்ந்து ஆறுகையில் ஆடை திரள்வதுபோல மேலே மிதந்து மேலோடாயிற்று. சில துணுக்குகளிலிருந்து ஓர் உலகின் பிறப்பையே வரைந்த இந்த ஊகத்தைவிடத் துணிச்சலான ஊகம் கோள் நிலவியலில் அரிது.

இந்த ஊகத்துக்கு அண்மையில் கிடைத்த ஆதாரங்களுள் ஒன்று இந்தியாவுடையது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் ஏறத்தாழ 69 பாகை தென் அகலாங்கில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி, 103 மீட்டர் தொலைவுக்குள் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அளவுகள் இடத்துக்கிடம் அதிகம் மாறாமல், அனார்த்தோசைட் மேலோட்டுக்குரிய கூட்டமைப்பையே காட்டின. நடுக்கோட்டை ஒட்டிய அப்போலோ தளங்களிலும் தென்துருவப் பக்கத்திலும் ஒரே வகை மேலோடு என்றால், பாறைக்குழம்புக் கடல் நிலவு முழுவதையும் சூழ்ந்திருந்தது என்னும் கருத்து வலுப்பெறுகிறது. எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுந்திருந்த மெக்னீசியத்துக்கு, 2,500 கி.மீ. அகலமுள்ள தென்துருவ–எய்ட்கன் வடிநிலத்தை உண்டாக்கிய மாபெரும் மோதல் ஆழத்திலிருந்து கிளறியெடுத்த பொருளின் கலப்பே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இதே பாறை வகை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் தரைமட்டத்திலேயே கிடைக்கிறது. சந்திரயான் திட்டத்துக்கான தரையிறங்கு சோதனைகளுக்கு நிலவு மண்ணின் மாதிரியைச் செய்ய, அந்த ஊர்களின் பாறைதான் அரைக்கப்பட்டது. புவியில் இப்பாறை அரிது, அது உருவான வழியும் வேறு. பெயர் ஒன்று என்பதால் வரலாறும் ஒன்று எனக் கொள்ளலாகாது.

நிலவு மற்றொரு வகையிலும் அடிப்படையானது. மற்ற உலகங்களின் தரை வயதைச் சொல்லும் கடிகாரம் அங்கேதான் திருத்தி வைக்கப்பட்டது. விண்ணிலிருந்து விழும் கல் உண்டாக்கும் வட்டப் பள்ளத்தை மோதற்குழி என்பர். ஒரு தரையில் இக்குழிகள் மிகுதியாக இருந்தால் அது பழையது, குறைவாக இருந்தால் புதியது. மழை பெய்யத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை முற்றத்தில் விழுந்த துளிகளின் தடத்தைக் கொண்டு ஊகிப்பதைப் போன்றது இது. இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து ஏற்கப்பட நெடுநாள் ஆயிற்று. அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட், நிலவின் குழிகள் மோதலால் ஆனவை என்று 1890களில் சரியாகவே சொன்னார்; ஆனால் அதே காலத்தில் அரிசோனா பாலைவனத்துப் பெருங்குழியை நேரில் ஆய்ந்துவிட்டு, அது நீராவி வெடிப்பால் ஆனது என்று முடிவு செய்தார். தொலைவில் இருந்ததில் வென்று, காலடியில் இருந்ததில் தோற்ற விந்தை அது. 1.2 கி.மீ. அகலமுள்ள அந்தக் குழியில், மிகக் கடும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் கோயசைட் என்னும் படிகத்தை யூஜின் ஷூமேக்கரும் அவருடன் உழைத்தவர்களும் 1960இல் காட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது. நிலவில் குறிப்பிட்ட இடங்களில் எடுத்த பாறைகளின் வயதை ஆய்வகத்தில் கதிரியக்க முறையில் கணித்து, அதே இடங்களின் குழி எண்ணிக்கையோடு பொருத்தியபோது, எண்ணிக்கை ஆண்டுக்கணக்காக மாறியது. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ பாறையின் பெரும் பயன் இதுவே எனலாம்.

அந்தக் கடிகாரத்திலும் குறை உண்டு. அப்போலோ மாதிரிகளில் பல ஏறத்தாழ 390 கோடி ஆண்டு வயதைக் காட்டியதால், அக்காலத்தில் சூரியக் குடும்பம் முழுவதும் விண்கல் மாரி ஒன்று பொழிந்தது என்னும் கருத்து 1974இல் எழுந்து, பாடநூல்களிலும் இடம்பெற்றது. அப்போலோ தளங்களில் பல, மழைக் கடல் எனப்படும் ஒரே வடிநிலத்தின் சிதறல் எட்டிய இடங்கள் என்பதால், ஒரே மோதலின் வயதே பலமுறை எண்ணப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இன்று வலுத்துவிட்டது. இக்கட்டுரையின் நோக்கில் ஐயுறுவோர் பக்கமே நியாயம் மிகுதி. மாதிரியே இல்லாதிருந்த இளைய தரைகளின் பக்கம், 2020 டிசம்பரில் சாங்'ஈ-5 கலம் கொண்டுவந்த பசால்ட் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயதைக் காட்டியது. நிலவின் எரிமலைகள் முன்பு கிடைத்த பாறைகள் சொன்னதைவிட நூறு கோடி ஆண்டு பின்னர்வரை உயிர்த்திருந்தன என்பது அதன் பொருள். அளவு விதியின் சிறந்த மாணவனாகக் கருதப்பட்ட நிலவே இவ்வாறு சற்று முரண்டியது.

புதனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 4,880 கி.மீ. விட்டமுள்ள அக்கோளின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இரும்பு மிகுந்த மையக்கருவே. பாறைக் கவசம் பழத்தோல்போல் மெலிந்தது. உட்பகுதி குளிர்ந்து சுருங்கியதால் மேலோடு தாங்காமல் முறிந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் செங்குத்துச் சரிவுகளாக நிற்கிறது. கோளின் ஆரம் எவ்வளவு சுருங்கியது என்பதில் ஓரிரு கிலோமீட்டர் முதல் 7 கிலோமீட்டர் வரை கணக்குகள் வேறுபடுகின்றன. இவ்வளவு சிறிய கோளில் மையக்கருவின் ஒரு பகுதி இன்னும் உருகிய நிலையில் இருந்து, வலுக்குறைந்த காந்தப்புலம் ஒன்றையும் உண்டாக்குவது, இரும்போடு கலந்த இலேசான தனிமங்கள் அதன் உருகுநிலையைத் தாழ்த்துவதால் என்று விளக்கப்படுகிறது.

செவ்வாய் குறித்த கருத்து ஒருமுறை தலைகீழாயிற்று. 1965 ஜூலையில் மரைனர் 4 கலம் அனுப்பிய 22 படங்கள் குழிகள் நிறைந்த தரையையே காட்டியதால், செவ்வாயும் நிலவைப் போல் செத்த உலகம் என்று அறிவியலாளர்கள் பலர் முடிவு கட்டினர். அப்படங்கள் கோளின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே தொட்டிருந்தன. 1971 நவம்பரில் மரைனர் 9 சென்றடைந்தபோது கோளை மூடியிருந்த புழுதிப்புயல் மெல்ல அடங்க, புழுதிக்கு மேலே தலைநீட்டிய கரும்புள்ளிகள் எரிமலை முகடுகள் என்று தெரிந்தது. அவற்றுள் ஒலிம்பஸ் மலை ஏறத்தாழ 22 கி.மீ. உயரமும் 600 கி.மீ. அகலமும் உடையது. புவியில் கவசத்திலிருந்து எழும் குழம்பின் மேல் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஹவாய்போல் வரிசையாகப் பல மலைகள் உண்டாகின்றன. செவ்வாயின் மேலோடோ நகராத ஒற்றை ஓடு, ஆகவே குழம்பு ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் குவிந்து ஒரே மலையாக உயர்ந்தது. 4,000 கி.மீ. நீளும் மரைனர் பள்ளத்தாக்கு, அருகிலுள்ள எரிமலைப் பீடபூமியின் எழுச்சியால் மேலோடு இழுபட்டுப் பிளந்ததில் தோன்றியது. ஆறு அரித்ததால் அன்று.

ஆறுகள் அங்கே ஓடவில்லை என்பதன்று. 2012இல் கேல் குழியில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, நீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களையும், ஏரியடியில் மெல்லப் படிந்த சேற்றுப்பாறை அடுக்குகளையும் கண்டது. செவ்வாயின் பிற்கால எரிமலை வாழ்வைச் சொல்லும் சான்றோ, அக்கோளுக்குப் போகாமலே கிடைத்தது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷேர்காட்டி என்னும் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் பெயராலேயே ஷெர்கோட்டைட் என்று வழங்கும் விண்கல் வகை, பின்னாளில் செவ்வாயின் பாறை என்று அறியப்பட்டது. அவ்வகைக் கல் ஒன்றில் சிறைப்பட்டிருந்த வாயு, வைக்கிங் கலங்கள் செவ்வாய்க் காற்றில் அளந்த கூட்டமைப்போடு ஒத்திருந்ததே 1983இல் வெளிவந்த அதற்கான வலுவான சான்று. அக்கற்களில் சில ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் குழம்பிலிருந்து இறுகின என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. நிலவியல் அளவில் அது நேற்று. 2018இல் இறங்கிய இன்சைட் கலத்தின் நிலநடுக்கமானி, நான்காண்டுகளில் 1,300க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிந்து, கோளின் ஆரத்தில் ஏறத்தாழ பாதியளவு பரந்த மையக்கரு உருகிய நிலையில் இருப்பதையும் காட்டியது. புவியின் விட்டத்தில் பாதியே உடைய செவ்வாய், எதிர்பார்த்தபடி மெலிந்துவிட்டதேயன்றி முற்றிலும் ஆறிவிடவில்லை.

இதுவரை அளவு விதி ஒருவாறு தாக்குப்பிடிக்கிறது. வியாழனை நெருங்கியதும் அது சரிகிறது. அயோ என்னும் துணைக்கோள் நிலவைவிடச் சற்றே பெரியது. விட்டம் 3,643 கி.மீ. கதிரியக்கத்தையும் பழைய சூட்டையும் மட்டும் கணக்கில் கொண்டால் அது குழிகள் நிறைந்த, ஆறிப்போன உருண்டையாக இருக்க வேண்டும். ஸ்டான் பீல், பாட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் வேறொரு கணக்கைப் போட்டனர். கனிமீடு என்னும் மற்றொரு துணைக்கோள் வியாழனை ஒருமுறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா என்னும் துணைக்கோள் இருமுறையும் அயோ நான்குமுறையும் சுற்றுகின்றன. இந்த ஒழுங்கான இழுப்பினால் அயோவின் பாதை முழுவட்டமாகாமல் சற்றே நீண்டதாக நிலைக்கிறது. வியாழனுக்கு அருகில் வரும்போது அதன் ஈர்ப்பு அயோவை மிகுதியாகவும், விலகும்போது குறைவாகவும் நீட்டுவதால், புவியில் நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தைப் போல அங்கே பாறையே ஏறி இறங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைந்த இடம் சுடுவதுபோல, இந்த ஓயாத நெளிவு உட்பகுதியை உருக்க வேண்டும் என்று அவர்கள் 1979 மார்ச் 2 அன்று வெளிவந்த கட்டுரையில் எழுதினர். மார்ச் 5 அன்று வாயேஜர் 1 அயோவைக் கடந்தது. அடுத்த சில நாட்களில், படங்களை ஆய்ந்துகொண்டிருந்த லிண்டா மொராபிட்டோ, அயோவின் விளிம்புக்கு மேலே எரிமலைப் புகைக்குடை ஒன்று எழுந்து நிற்பதைக் கண்டார். முன்கூட்டிச் சொன்னது ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்த நிகழ்ச்சி கோள் அறிவியலில் வேறில்லை என்றே சொல்லலாம். இன்று அங்கே 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் அறியப்பட்டுள்ளன. அயோ வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ 100 டெராவாட், புவி முழுவதும் வெளியேற்றுவதைப்போல் இருமடங்கு. ஒரு மோதற்குழியைக்கூட அதன் தரையில் காண முடியாது. விழும் குழிகளை எல்லாம் குழம்பும் கந்தகப் படிவும் மூடிவிடுகின்றன.

ஓத வெப்பம் என்னும் இந்தப் புதிய வரவு, பனி மூடிய துணைக்கோள்களின் கதையையும் மாற்றியது. யூரோப்பாவின் பனித்தரையில் பெருங்குழிகள் மிகச் சிலவே. அத்தரையின் வயது ஏறத்தாழ 4 கோடிக்கும் 9 கோடிக்கும் இடைப்பட்டது என மதிப்பிடப்படுகிறது. வியாழனின் காந்தப்புலத்துக்கு அது மறுவினை காட்டும் விதத்தைக் கலிலியோ விண்கலம் அளந்ததில், பனிக்கடியில் மின்சாரத்தைக் கடத்தும் உப்புநீர்க் கடல் இருப்பது ஏறக்குறைய உறுதியாயிற்று. சனியின் என்செலடஸ் 504 கி.மீ. விட்டமே உடையது, அளவு விதிப்படி அது பிறந்த சில காலத்திலேயே உறைந்திருக்க வேண்டும். 2005இல் காசினி கலம் அதன் தென்துருவத்தில் நான்கு இணைப்பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிடுவதைக் கண்டது. அத்துகள்களில் உப்பும் நுண்மணற் சிலிக்காவும், பீறலில் ஹைட்ரஜனும் இருந்ததால், கடலடியில் சூடான நீர் பாறையோடு வினைபுரிகிறது என்று கருதப்படுகிறது.

ஓத வெப்பத்தை அடுத்த பொது விதியாக்கிவிடும் ஆசையை அடக்க, என்செலடஸின் அண்டைத் துணைக்கோள் மைமாஸ் போதும். அது சனிக்கு இன்னும் அருகில், இன்னும் நீண்ட பாதையில் சுற்றுகிறது. எளிய கணக்கின்படி என்செலடஸைவிடப் பல மடங்கு சூடு பெற வேண்டியது. ஆனால் அதன் முகமோ குழிகளால் நிறைந்தது. தன் விட்டத்தில் மூன்றிலொரு பங்கு அகலமுள்ள குழி ஒன்றையும் சுமக்கிறது. இறுகிய பனி நெளியாது, நெளியாததால் சூடாகாது, சூடாகாததால் நெளியாது என்னும் சுழலில் அது சிக்கியுள்ளது என்பது ஒரு விளக்கம். அதன் பாதை மாறும் விதத்தை ஆய்ந்த குழு ஒன்று, பனிக்கடியில் மைமாஸுக்கும் கடல் உண்டு, ஆனால் அது சில கோடி ஆண்டுகளுக்குள் தோன்றியதால் இன்னும் மேற்பரப்பை எட்டவில்லை என்று 2024இல் வாதிட்டது. வியாழனின் துணைக்கோள்களான கனிமீடும் கலிஸ்டோவும் வேறொரு புதிர்: ஏறக்குறைய ஒரே அளவும் ஒத்த கலவையும் உடைய இரண்டில், கனிமீடு உருகிப் பிரிந்து தனக்கெனக் காந்தப்புலமும் பெற்றிருக்க, கலிஸ்டோ பழங்குழிகளோடு அப்படியே நிற்கிறது.

வெப்பம் எவ்வளவு என்பதோடு, அதற்கு இணங்கும் பொருள் எது என்பதும் கேட்கப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுபவை இன்னும் குளிர்ந்த உலகங்கள். சனியின் துணைக்கோளான டைட்டனில் வெப்பநிலை −179 பாகை செல்சியஸ். அங்கே நீர்ப்பனி பாறையின் வேலையைச் செய்கிறது, மீத்தேன் நீரின் வேலையைச் செய்கிறது. 2005 ஜனவரி 14 அன்று இறங்கிய ஹைகன்ஸ் கலம் எடுத்த படத்தில், ஆற்றுப்படுகைக் கற்களைப்போல் மழுங்கிய பனிக்கட்டிகள் தரையில் கிடந்தன. புளூட்டோவில் ஓத வெப்பமும் இல்லை. அதுவும் அதன் துணை சாரனும் ஒருவர் முகத்தை ஒருவர் மாறாமல் பார்த்தபடி சுற்றுவதால் நெளிவுக்கு இடமில்லை. ஆயினும் 2015 ஜூலை 14 அன்று கடந்து சென்ற நியூ ஹொரைசன்ஸ் கலம், ஏறத்தாழ 1,000 கி.மீ. அகலமுள்ள நைட்ரஜன் பனிச் சமவெளியில் ஒரு குழியைக்கூடக் காணவில்லை. அதன் தரை, அடிச்சூட்டில் புரளும் கூழைப்போல், 10 முதல் 40 கி.மீ. அகலமுள்ள பல்கோண வட்டுகளாகப் பிரிந்து மெல்லப் புரண்டு, ஒரு கோடி ஆண்டுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நைட்ரஜன் பனி அத்துணை நெகிழ்வானது. பாறையை அசைக்காத சிறு கதிரியக்கச் சூடு அதற்குப் போதும்.

பொருள் எது என்னும் இந்த இரண்டாம் கேள்வியோடு புவிக்கும் வெள்ளிக்கும் திரும்பினால், கோள் நிலவியலின் மிகக் கடினமான சிக்கல் எதிர்ப்படுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றின் விட்டம் 12,742 கி.மீ., மற்றதன் விட்டம் 12,104 கி.மீ. வெப்ப வரவும் ஒத்ததாகவே இருக்க வேண்டும். ஆனால் புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து, கடலடி மலைத்தொடர்களில் பிறந்து, ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் கவசத்துக்குள் அமிழ்கிறது. அதனால் பரந்த கடலடித் தரையில் 20 கோடி ஆண்டைத் தாண்டியது அரிது. முதல் 50 கோடி ஆண்டுகளின் எச்சமாக மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் படிகங்கள் போன்ற சிலவே எஞ்சின. தன் பிறப்புச் சான்றைத் தானே விழுங்கிய கோள் என்பதால்தான் புவியின் இளமையை நிலவில் தேட வேண்டியிருக்கிறது. தட்டுகளின் இயக்கம் எப்போது தொடங்கியது என்பதில் 400 கோடி ஆண்டுக்கு முன் என்பதிலிருந்து 100 கோடி ஆண்டுக்குள் என்பதுவரை கருத்துகள் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் பாறையில் ஊறிய நீர் அதன் உருகுநிலையையும் உறுதியையும் குறைத்து, மேலோடு முறியவும் அமிழவும் துணைசெய்கிறது என்பதில் பெரும் உடன்பாடு உண்டு. நைட்ரஜன் பனி புளூட்டோவுக்குச் செய்வதை, நீர் புவிக்குச் செய்கிறது.

வெள்ளியில் அந்த நீர் இல்லை. தரை வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை. காற்றழுத்தம் புவியினுடையதைப்போல் 90 மடங்குக்கு மேல். 1990 முதல் 1992 வரை மெகல்லன் கலம் ராடார் அலைகளால் மேகத்தை ஊடுருவி வரைந்த படத்தில் நிலத்தட்டுகளின் தடம் இல்லை. எரிமலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மோதற்குழிகள் ஆயிரத்துக்கும் குறைவு. அவை கோள் முழுவதும் பழைய இடம், புதிய இடம் என்ற வேறுபாடின்றிப் பரவியுள்ளன. சில நூறு கோடி ஆண்டுகளின் தரை ஒருசேரக் குழம்பில் மூழ்கி, 30 கோடி முதல் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் கோள் முழுவதும் புதிதாயிற்று என்பது ஒரு தரப்பு. சிறு சிறு பகுதிகளாக இடைவிடாது புதுப்பிக்கப்பட்டாலும் இதே பரவல் கிடைக்கும் என்பது மறுதரப்பு. 1991இல் மெகல்லன் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, மாத் மலையில் ஒரு எரிமலைவாய் உருமாறி அகன்றதை ஆய்வாளர்கள் 2023இல் காட்டியது, இரண்டாம் தரப்பின் பக்கம் தராசைச் சாய்க்கிறதேயன்றி வழக்கை முடிக்கவில்லை. ஒற்றை ஓட்டின் கீழ் இவ்வளவு பெரிய கோள் தன் வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பதை அறிய அதன் பாறையும் நிலநடுக்கமும் வேண்டும். இரண்டும் கையில் இல்லை. வெள்ளியின் தரையில் மனிதர் அனுப்பிய கருவி மிக நீண்ட நேரம் உழைத்தது 1982 மார்ச் 1 அன்று. வெனேரா 13 என்னும் அந்தக் கலம் தாங்கியது 127 நிமிடம். 1985 ஜூனில் வேகா 2 இறங்கியதற்குப் பிறகு அங்கே எந்தக் கலமும் இறங்கவில்லை.